என்சிர்டிடே குளவிகளை இனங்காணும் முறை: மாவுப்பூச்சி மம்மியிலிருந்து பெயர் வரை

மரவள்ளி இலையின் அடிப்புறத்தில் பஞ்சுபோல் அப்பியிருக்கும் மாவுப்பூச்சிக் கூட்டத்தைக் கைலென்ஸ் வைத்துப் பத்து நிமிடம் அசையாமல் பார்த்தால், கடுகைவிடச் சிறிய ஒரு குளவி தன் உணர்கொம்புகளால் ஒவ்வொரு பூச்சியையும் தட்டித் தட்டி நடப்பதைக் காணலாம். தூரிகையின் நுனியால் தொட்டால் அது பெரும்பாலும் பறப்பதில்லை, துள்ளி மறைந்துவிடும். அந்தத் துள்ளல்தான் என்சிர்டிடே குடும்பத்தின் முதல் அடையாளம். இந்தக் கட்டுரையில் சொல்லவிருக்கும் உடலமைப்புக் கூறுகளில் முக்கியமானவை பலவும் அந்தத் துள்ளலோடு தொடர்புள்ளவை.

கால்சிடாய்டியா என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்த இந்தக் குளவிகளில் சுமார் 460 பேரினங்களும் 3,700-க்கும் மேற்பட்ட இனங்களும் பெயரிடப்பட்டுள்ளன. பெரும்பாலானவை அரை மில்லிமீட்டருக்கும் மூன்று மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட நீளமுடையவை. மாவுப்பூச்சிகளையும் செதில்பூச்சிகளையும் தாக்குபவையே இவற்றுள் மிகுதி. எனினும் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி ஆகியவற்றின் முட்டைகளிலும் புழுக்களிலும், பொறிவண்டின் புழுவிலும், கரப்பான் முட்டைப்பையிலும், உண்ணிகளிலும்கூட வளரும் இனங்கள் உண்டு.

இவ்வளவு சிறிய உயிருக்குச் சரியான பெயர் வைப்பதில் ஏன் இத்தனை கவனம் வேண்டும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் மரவள்ளிதான் எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று. 1970-களில் அக்கண்டத்தின் மரவள்ளிப் பயிரை அழித்த மாவுப்பூச்சிக்கு 1977-இல் ஃபீனகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயரிடப்பட்டது. அதன் தாயகமான தென் அமெரிக்காவில் ஒட்டுண்ணிகளைத் தேடிச் சென்றவர்களுக்கு, அக்கண்டத்தின் வடபகுதியில் ஏறக்குறைய அதேபோன்ற ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. ஆனால் அதிலிருந்து எடுத்த ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் நிலைபெறவில்லை. உற்று ஆராய்ந்தபோது, ஆப்பிரிக்கப் பூச்சி ஆண் இல்லாமலே பெருகுவது என்பதும், வடபகுதியில் கிடைத்ததில் ஆண்களும் உண்டு என்பதும், இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பதும் தெரியவந்தன. 1981-இல் பராகுவேயில் உண்மையான இனம் கண்டறியப்பட்ட பிறகே, அதன் ஒட்டுண்ணியான அனகைரஸ் லோபெசி என்னும் என்சிர்டிடே குளவி நைஜீரியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து கண்டம் முழுவதும் பரவியது. அந்தப் பணிக்குத் தலைமையேற்ற ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அதே மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல் வட்டார மரவள்ளித் தோட்டங்களுக்கும் பரவியபோது, அதே குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடுவிக்கப்பட்டது. ஆகவே ஒட்டுண்ணியை இனங்காணும் வேலை, அது எந்தப் பூச்சியிலிருந்து வந்தது என்பதை உறுதிசெய்வதில் தொடங்குகிறது.

மம்மிகளைச் சேகரித்தல்

ஒட்டுண்ணி உள்ளே வளர்ந்த மாவுப்பூச்சி மெல்ல மெல்லத் தன் வெண்மாவை இழந்து, உப்பி, தோல் தடித்து, பழுப்பு அல்லது மஞ்சள் கலந்த நிறத்தில் சிறு பீப்பாய்போல் மாறும். இதை மம்மி என்பது வழக்கம். துளையில்லாத மம்மிக்குள் குளவி இன்னும் இருக்கிறது. வட்டமான துளை விழுந்திருந்தால் அது வெளியேறிவிட்டது. துளையில்லாதவற்றையே ஈரத் தூரிகையால் மெதுவாக எடுத்து, மருந்துக் கடைகளில் கிடைக்கும் காலி ஜெலட்டின் கேப்சூலுக்குள் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் போட வேண்டும். கேப்சூலில் மிக நுண்ணிய ஊசியால் ஒரு துளை போதும். நேரடி வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வைத்துத் தினமும் காலையில் பார்த்துவர வேண்டும்.

ஒன்றுக்கு ஒன்று என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இத்துறைக்கு வந்த புதிதில், பப்பாளி இலையொன்றை முழுதாகவே ஒரு டப்பாவில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தேன். இரண்டு வாரத்தில் நான்கு வகைக் குளவிகள் கிடைத்தன. நான்கையும் மாவுப்பூச்சியின் ஒட்டுண்ணிகள் என்றே எழுதி வைத்தேன். பின்னர் அவற்றில் ஒன்று ஹோமலோடைலஸ் என்று தெரிந்தது. அது மாவுப்பூச்சியைத் தின்னவந்த பொறிவண்டின் புழுவில் வளர்வது. உழவருக்கு உதவும் பொறிவண்டையே அழிப்பது. இலையில் ஒட்டியிருந்த பொறிவண்டுப் புழுவை நான் கவனிக்கவில்லை. எந்தக் குளவி எதிலிருந்து வந்தது என்பதை இனி ஒருபோதும் நிறுவ முடியாது என்பதால், அந்தச் சேகரிப்பு முழுவதும் பயனற்றுப்போனது.

மஞ்சள் தட்டில் நீரும் சில துளி சோப்புக் கரைசலும் ஊற்றி வயலில் வைத்தாலும், வலையால் செடிகளை வீசிப் பிடித்தாலும் ஏராளமான என்சிர்டிடே குளவிகள் கிடைக்கும். ஒரு நிலப்பகுதியில் என்னென்ன இருக்கின்றன என்று அறிய அவை பயன்படும். ஆனால் அவற்றோடு ஓம்புயிர், அதாவது குளவி எந்த உயிரில் வளர்ந்தது என்பது, பற்றிய செய்தி வருவதில்லை. குளவி வெளிவந்ததும் அதன் நிறம் கெட்டியாவதற்கு ஒரு நாள் விட்டு, பிறகு 70 விழுக்காடு எத்தனாலில் போட வேண்டும். டி.என்.ஏ. ஆய்வுக்கு ஒதுக்குபவற்றை 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எத்தனாலில் இட்டுக் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது. உயிரோடிருக்கும்போதே நிறத்தைக் குறித்துக்கொள்வது மிக முக்கியம், ஏனெனில் மஞ்சளும் ஆரஞ்சும் எத்தனாலில் மங்கிவிடும். மம்மியின் வெற்றுத் தோலையும் அதே குளவியோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்.

குடும்பத்தை உறுதிசெய்தல்

குறைந்தது 40 மடங்கு பெரிதாக்கும் இரட்டைக்கண் நுண்ணோக்கி தேவை. விளக்கின் ஒளி நேராக விழுந்தால் பளபளப்பான உடலில் வெள்ளைப் புள்ளிகளே தெரியும். டிரேசிங் தாளைச் சுருட்டிக் குளவியைச் சுற்றிக் கூம்புபோல் நிறுத்தினால் ஒளி பரவலாகி, மேற்பரப்பின் நுண்வரிகள் தெளிவாகும். இந்த ஒரு தாள் செய்யும் உதவியை விலையுயர்ந்த கருவிகள்கூடச் செய்வதில்லை என்பது என் அனுபவம்.

குளவியைப் பக்கவாட்டில் சாய்த்து முதலில் நடுமார்பின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். மற்றக் கால்சிட் குளவிகள் பலவற்றில் இந்தப் பக்கத்தகடு பள்ளங்களாலும் கோடுகளாலும் பிரிந்திருக்கும். என்சிர்டிடேயில் அது ஒரே தகடாக, கேடயம்போல் புடைத்து, மார்பின் பக்கத்தைப் பெரும்பாலும் மூடியிருக்கும். துள்ளுவதற்கான தசை இதனுள்ளேதான் இருக்கிறது. அடுத்து நடுக்காலைப் பார்க்க வேண்டும். அதன் கீழ்க்கால் முனையில் நீண்டு தடித்த ஒரு முள் இருக்கும். அதை ஒட்டிய பாதத்தின் முதல் கணுவும் தடித்து, அடியில் சிறு ஆணிகள்போன்ற முட்கள் வரிசையாக அமைந்திருக்கும். நடுக்கால் உடலோடு பொருந்தும் இடம், பக்கத்தகட்டின் நடுக்கோட்டுக்கு நேராகவோ அதற்கு முன்னாகவோ அமையும்.

பிறகு குளவியை முதுகு மேலாக வைத்துப் பார்க்க வேண்டும். நடுமார்பின் மேல்தகட்டில் பல குடும்பங்களில் காணப்படும் இரண்டு நீளப் பள்ளங்கள் இதில் பொதுவாக இல்லை. இருந்தாலும் மங்கலாகவோ அரைகுறையாகவோ இருக்கும். அத்தகட்டுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள சிறு முக்கோணத் தகடுகள் அகலவாக்கில் நீண்டு நடுவில் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கியிருக்கும். முன் இறக்கையில் விளிம்பை ஒட்டிய நரம்பு பெரும்பாலும் மிகக் குறுகியது. சிலவற்றில் வெறும் புள்ளியாகவே நின்றுவிடும். அதற்குக் கீழே, மயிரடர்ந்த இறக்கைப் பரப்பின் குறுக்கே, மயிரில்லாத ஒரு சாய்ந்த கோடு வழித்து எடுத்ததுபோல் ஓடும். வயிற்றின் பக்கங்களில் நீண்ட மயிர்களைத் தாங்கிய இரு சிறு தகடுகள் உண்டு. மற்றக் குடும்பங்களில் வயிற்றின் கடைசியில் இருக்கும் இவை, என்சிர்டிடேயில் பெரும்பாலும் வயிற்றின் நடுப்பகுதிக்கோ அதற்கும் முன்னாலோ நகர்ந்திருக்கும். எந்த ஒரு கூறையும் தனியாக நம்பக் கூடாது. இவற்றில் நான்கைந்து ஒருசேர அமைந்தால் குடும்பம் உறுதி.

குழப்பம் தருவதில் முதலிடம் யூபெல்மிடேக்கு. அதிலும் பெண் குளவியின் பக்கத்தகடு புடைத்திருக்கும், அதுவும் துள்ளும். ஆனால் அதன் நடுக்கால் பக்கத்தகட்டின் நடுக்கோட்டுக்குப் பின்னால், பின்காலை ஒட்டிப் பொருந்தியிருக்கும். விளிம்பு நரம்பு நீளமானது. பல பெண்களில் மார்பின் மேல்தகடு குழிந்திருக்கும். ஏபெலினிடே குளவிகளும் செதில்பூச்சியிலிருந்தும் மாவுப்பூச்சியிலிருந்தும் வருபவைதாம். அவற்றின் மேல்தகட்டில் இரு பள்ளங்களும் முழுமையாகத் தெரியும், முக்கோணத் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும், விளிம்பு நரம்பு நீண்டிருக்கும். பாதத்தில் மூன்றே கணுக்கள் இருந்தால் அது டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணியின் குடும்பம். பின் இறக்கை காம்புபோல் ஒடுங்கியிருந்தால் மைமாரிடே. என்சிர்டிடேயில் பாதக் கணுக்கள் பெரும்பாலும் ஐந்து, சிலவற்றில் நான்கு.

இன்னொரு அடையாளம் வெளித்தோற்றத்தில் இல்லாதது. அதைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் தவறவிடக் கூடாது. இக்குடும்பத்தின் பல இனங்களில் முட்டைக்கு ஒரு காம்பு உண்டு. முட்டை ஓம்புயிரின் உடலுக்குள் இருக்க, அந்தக் காம்பின் நுனி தோலைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முட்டையிலிருந்து வந்த புழு அதன் ஓட்டோடு ஒட்டியபடியே வளர்ந்து, அந்தக் காம்பின் வழியாக வெளிக்காற்றைச் சுவாசிக்கிறது. பூச்சியின் முதுகில் நட்டுவைத்த மயிர்த்துண்டுபோல் அந்தக் காம்பு தெரிவதை முதன்முறை கண்ட நாளில், நான் வெகுநேரம் வேறெதையும் செய்யவில்லை.

கண்ணாடித் தகட்டில் பதித்தல்

குடும்பத்துக்கு அப்பால் செல்ல வேண்டுமானால், உடலைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் பதித்தே ஆக வேண்டும். கிடைத்த அனைத்தையும் பதித்துவிடக் கூடாது. சிலவற்றை முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டி, நிறமும் மேற்பரப்பும் பார்ப்பதற்காக வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனாலில் இருந்ததை அப்படியே உலரவிட்டால் கண்களும் வயிறும் சுருங்கி ஒடுங்கும். அதனால் எச்.எம்.டி.எஸ். என்னும் வேதிப்பொருளில் ஊறவைத்து உலர்த்துவதோ, அதற்கான உலர்த்தும் கருவியில் வைப்பதோ நல்லது.

பதிப்பதற்கு முதலில் ஒரு பக்கத்து இறக்கைகளை எத்தனாலிலேயே நுண் ஊசியால் பிரித்து, கனடா பால்சம் என்னும் தெளிந்த மரப்பிசினில் தட்டையாக வைக்க வேண்டும். இறக்கை காரத்தில் பட்டால் சுருண்டுவிடும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. மீதி உடலை 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் உள்ளிருக்கும் தசை கரைந்து, தோல் ஒளி ஊடுருவும்படி தெளியும். அவசரப்பட்டுக் கொதிக்கவைத்தால் மெல்லிய மஞ்சள் இனங்கள் நிறமே இல்லாமல் வெளுத்துவிடும். இரவு முழுவதும் சாதாரண வெப்பத்தில் ஊறவிடுவதே பாதுகாப்பு. பிறகு காய்ச்சி வடித்த நீரில் கழுவி, அசிட்டிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்து, எத்தனாலின் அடர்த்தியைப் படிப்படியாகக் கூட்டி நீரை அகற்றி, கடைசியாகக் கிராம்பு எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். உடலைப் பிரிக்கும் வேலையை அந்த எண்ணெயிலேயே செய்யலாம். தலை முகம் தெரியும்படி ஒரு மூடிக்கண்ணாடியின் கீழும், உணர்கொம்புகள் இன்னொன்றின் கீழும், மார்பும் வயிறும் முதுகு மேலாக மற்றொன்றின் கீழும் வர வேண்டும். தாடை விரிந்து பற்கள் தெரிகின்றனவா என்று மூடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்; மூடியபின் திருத்த இயலாது. பால்சம் முழுமையாக உலரச் சில வாரங்கள் ஆகும்.

துணைக்குடும்பமும் பேரினமும்

இக்குடும்பம் டெட்ராக்னெமினே, என்சிர்டினே என இரண்டு துணைக்குடும்பங்களாகப் பிரிகிறது. பெண் குளவியின் வயிற்று முனையில், கடைசி மேல்தகட்டையும் முட்டையிடும் உறுப்பின் வெளித்தகட்டையும் இணைக்கும் குறுகிய பட்டைகள் இருந்தால் டெட்ராக்னெமினே, இல்லையென்றால் என்சிர்டினே. இதைத் தெளிவாகப் பார்க்க 200 மடங்கு பெரிதாக்கம் வேண்டும். மாவுப்பூச்சியிலிருந்து வெளிவருபவற்றில் பெரும்பங்கு முதல் துணைக்குடும்பத்தவை என்பது ஒரு நல்ல துணைச்சான்று. ஆனால் அது துணைச்சான்று மட்டுமே: பப்பாளி மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்திய அசிரோபேகஸ், மாவுப்பூச்சியில் வளர்ந்தாலும் என்சிர்டினேயைச் சேர்ந்தது.

பேரினத்தை அறியப் பெண் குளவியின் உணர்கொம்பே முதன்மையான சான்று. அடிக்கணு, இரண்டாம் கணு, அவற்றை அடுத்து வரும் நடுக்கணுக்கள், நுனியில் தடித்த குமிழ் என்று பிரித்து, நடுக்கணுக்களை மட்டும் எண்ண வேண்டும். அனகைரஸில் நடுக்கணுக்கள் ஆறு, குமிழில் மூன்று. அதன் பல இனங்களில் அடிக்கணு இலைபோல் தட்டையாக விரிந்து கருத்து, இடையில் வெள்ளைத் திட்டும் கொண்டிருக்கும். முதல் நடுக்கணு கருமையாகவும் அடுத்தவை பால்வெள்ளையாகவும் இருக்கும். ஆண் குளவியின் உணர்கொம்பில் இந்த அலங்காரம் எதுவும் இராது. நீண்ட மயிர்கள் மட்டும் செறிந்திருக்கும். அசிரோபேகஸில் நடுக்கணுக்கள் ஐந்துதான், உடலும் முக்கால் மில்லிமீட்டரை ஒட்டியதே. பருத்தி மாவுப்பூச்சியிலிருந்து வரும் ஏனாசியஸ் கருநிறமுடையது. அதன் தலையின் மேற்பரப்பு தையற்காரரின் விரலுறைபோல் குழிகுழியாக இருக்கும். லெப்டோமாஸ்டிக்ஸின் உணர்கொம்பு உடலையே மிஞ்சும்படி மெலிந்து நீண்டது. எலுமிச்சை இனத்து மாவுப்பூச்சிக்காக அதன் இனமொன்று 1983-இல் டிரினிடாடிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவிய பின், 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று என்சிர்டிடே இனங்கள் வந்தன: அசிரோபேகஸ் பப்பாயே, அனகைரஸ் லோக்கி, சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா. வயலில் பிறகு எடுத்த மம்மிகளில் இவற்றுள் எது நிலைபெற்றது என்று சொல்ல, நடுக்கணுக்களின் எண்ணிக்கையே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. நிலைபெற்றதில் முன்னணி அசிரோபேகஸ்தான்.

மம்மியிலிருந்து வருவதெல்லாம் நண்பன் என்று கொள்ளக் கூடாது. மாவுப்பூச்சிக்குள் வளரும் ஒட்டுண்ணியையே உணவாக்கும் இரண்டாம்நிலை ஒட்டுண்ணிகள் அதே மம்மியிலிருந்து, அதேபோன்ற துளையிட்டு வெளிவரும். இவற்றில் சில இதே குடும்பத்தவை: புரோகைலோனியூரஸ், கைலோனியூரஸ் ஆகியவை. கைலோனியூரஸின் முதுகில், ஸ்குட்டெல்லம் என்னும் தகட்டில், குடுமிபோல் ஒரு மயிர்க்கொத்து நிற்கும். முன் இறக்கை புகைபடிந்ததுபோல் கருத்திருக்கும். சார்டோசீரஸ் என்னும் கறுப்புக் குளவி சிக்னிஃபோரிடே குடும்பத்தது. உணர்கொம்பின் நடுக்கணுக்கள் மெல்லிய வளையங்களாக ஒடுங்கி, குமிழ் பிரிவற்று நீண்டிருப்பதால் எளிதில் பிரித்தறியலாம். ஒட்டுண்ணியைப் பெருக்கி வயலில் விடும் கூடங்களில் இவை நுழைந்துவிட்டால், உழவருக்கு நாம் கொடுப்பது உதவியாக இராது. விடுவிப்பதற்கு முன் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சிலவற்றை நுண்ணோக்கியில் பார்ப்பதை யாரும் தவிர்க்கக் கூடாது.

இனத்தின் பெயரும் அதன் வரலாறும்

பேரினத்திலிருந்து இனத்துக்குச் செல்லும்போது அளவுகள் முதன்மை பெறுகின்றன: உணர்கொம்பின் அடிக்கணு நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம், முட்டையிடும் உறுப்பின் நீளத்துக்கும் நடுக்காலின் கீழ்க்கால் நீளத்துக்கும் உள்ள விகிதம், இறக்கையின் மயிர் வரிசைகள். ஒரே ஒரு குளவியை அளந்து முடிவுக்கு வரக் கூடாது. சிறிய மாவுப்பூச்சியில் வளர்ந்த குளவி சிறியதாகவும் வெளிறியும் இருக்கும். பெரியதில் வளர்ந்த அதன் உடன்பிறப்பு வேறு இனமோ என்று ஐயுறும்படி பெரியதாக இருக்கும். பத்துப் பெண்களையாவது அளந்தால்தான் இனத்துக்குள் உள்ள வேறுபாடு எவ்வளவு என்பது புலப்படும். ஆண்களைத் தனியே வைத்து இனம் சொல்ல முயல்வதைவிட, அதே தொகுதியில் வந்த பெண்களோடு இணைத்தே குறிப்பது நல்லது.

பழைய பெயர்களையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அனகைரஸ் லோபெசி பற்றிய செய்திகளை எபிடினோகார்சிஸ், அபோஅனகைரஸ் என்னும் முன்னைய பேரினப் பெயர்களிலும் தேடினால்தான் முழுமையாகக் கிடைக்கும். இந்தியாவில் பருத்தி மாவுப்பூச்சியிலிருந்து கிடைத்த ஏனாசியஸை, அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முகமது ஹயாத் 2009-இல் ஏனாசியஸ் பம்பாவாலேய் என்று பெயரிட்டார். பின்னர் அது வட அமெரிக்காவிலிருந்து 1915-இல் விவரிக்கப்பட்ட ஏனாசியஸ் அரிசோனென்சிஸே என்று அறியப்பட்டு, முந்திய பெயரே நிலைபெற்றது. இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. திராட்சை, எலுமிச்சைத் தோட்டங்களுக்காகப் பல நாடுகளில் அனகைரஸ் சூடோகாக்கி என்ற பெயரில் நெடுங்காலம் வளர்த்து விடப்பட்டதில் பெரும்பகுதி வேறொரு இனம் என்று தெரிந்து, அது 2019-இல் அனகைரஸ் விளாதிமிரி என்ற பெயரைப் பெற்றது. இரண்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் முதல் வேறுபாடு, பெண்ணின் உணர்கொம்பில் முதல் நடுக்கணுவின் நிறம். அதன் மீது எழுந்த ஐயத்தை டி.என்.ஏ. ஒப்பீடு தீர்த்துவைத்தது. மைட்டோகாண்டிரியாவின் சி.ஓ.ஐ. மரபணுப் பகுதியை ஒப்பிடும் முறை இன்று பரவலாகிவிட்டாலும், ஒப்பிடப்படும் வரிசை சரியாகப் பெயரிடப்பட்ட குளவியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. ஆகவே டி.என்.ஏ. எடுத்த குளவியின் உடலைத் தூக்கி எறியாமல், தோலைச் சிதைக்காத முறையில் எடுத்து, அதே உடலைத் தகட்டில் பதித்து இரண்டுக்கும் ஒரே எண் இட வேண்டும்.

பெயரைச் சரிபார்க்க, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஜான் நோய்ஸ் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த கால்சிட் குளவிகளின் தரவுத்தளம் பேருதவியாக இருக்கும். ஓம்புயிர், பரவல், பழைய பெயர்கள் ஆகிய மூன்றையும் அதில் காணலாம். கூறுகளைப் படிப்படியாக ஒப்பிட்டுப் பெயரை அடைய உதவும் திறவுகோலைப் பயன்படுத்தும்போது, அது எந்த நிலப்பகுதிக்காக எழுதப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வேறொரு கண்டத்துக்கான திறவுகோல் நம்மூர்க் குளவிக்கும் ஏதோ ஒரு பெயரைத் தந்தே தீரும். அப்பெயர் பொருந்துகிறதா என்று விளக்கத்தோடு வரிக்கு வரி ஒப்பிடாமல் ஏற்கக் கூடாது. பொருந்தாவிட்டால் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையான வழி.

ஒவ்வொரு தகட்டிலும் அட்டையிலும் ஊர், மாவட்டம், அட்சரேகை, தீர்க்கரேகை, மம்மி எடுத்த நாள், குளவி வெளிவந்த நாள், மாவுப்பூச்சியின் பெயர், அது இருந்த செடி, சேகரித்தவர் ஆகியவற்றைக் கரையாத மையில் எழுத வேண்டும். மாவுப்பூச்சியை இனங்கண்டவர் வேறொருவர் என்றால் அவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். மாவுப்பூச்சியின் சில உயிர்ப் பெண்களையும் அதே எண்ணோடு எத்தனாலில் இட்டு, பெங்களூரிலுள்ள வேளாண் பூச்சி வளங்களின் தேசியப் பணியகம் போன்ற நிலையான சேகரிப்பு உள்ள ஓரிடத்தில் குளவிகளோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும்.